உஷார்! வீட்டுப் பின்கட்டுக்கு லேத் வருகிறதா?

பழைய லேத் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? மெஷின் வந்து இறங்குவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். இறங்கியே விட்டது என்றால், ஸ்விட்சைப் போடுவதற்குள்.

கோவைக்கு இது புதுச் சங்கதி அல்ல. முன்னறையில் டி.வி., பின்கட்டில் லேத் என்று கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் எத்தனையோ குடும்பங்கள் காலம் தள்ளியிருக்கின்றன. பம்புக்கு ஷாஃப்ட், கிரைண்டருக்கு புஷ், வால்வுக்கு உதிரி என்று ஜாப் ஆர்டர் எடுத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகள் அவை. இப்போது அவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பொறியியல் முடித்துவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யத் துடிக்கிற பையன்கள், யூடியூப் பார்த்து ஆசைப்பட்டு ஆன்லைனில் குட்டி லேத் வரவழைக்கிறவர்கள். ஆசையில் தப்பில்லை. உலோகத்தைக் கடைந்து ஒரு பொருளை உருவாக்கும் சந்தோஷம் தனி. ஆனால் பழைய மெஷினை விற்றுக்கொடுக்கிற புரோக்கர் ஒரு வார்த்தை சொல்வார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"ஏனுங்கண்ணா, ஓடுதுங்களா இல்லீங்களா? ஓடுதுல்ல, அப்புறமென்னங்க? மத்ததெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாமுங்க."

வாங்குகிறவரும் தலையாட்டிவிடுவார். எர்த் அப்புறம். மூடி அப்புறம். ஸ்டாப் பட்டன் அப்புறம். கண்ணாடி அப்புறம். வீட்டுப் பட்டறையில் அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. முதல் ஜாப் வந்துவிடும், அதற்கு அடுத்தது வந்துவிடும், ஓடுகிற மெஷினை நிறுத்தி மூடி மாட்ட யாருக்கு மனசு வரும்?

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தைரியம் வரும். "இருபது வருஷம் மெஷின்ல நின்னவன், எனக்கே சொல்றீங்களா?" நின்றீர்கள், சரி. அங்கே ஒயரிங்கைப் பார்த்தவர் வேறு ஆள். லுங்கியோடு வந்தால் கேட்டில் நிறுத்தியவர் வேறு ஆள். பக்கத்து மெஷினில் ஒருவர் நின்றார், நீங்கள் கத்தினால் ஓடிவந்து சுவிட்சைத் தட்டியிருப்பார். வீட்டில் இத்தனை பேரும் நீங்கள் ஒருவரே. பரிசோதிக்க அதிகாரியும் வரப்போவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, மின்சாரத்தோடு குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று கணக்கில் எடுத்தது. உங்கள் ஷெட் அந்தக் கணக்கில் என்றைக்குமே கிடையாது.

இறக்குகிற அன்றைக்கே

முதல் கண்டம் மெஷின் ஓடுவதற்கு முன்பே இருக்கிறது. 6 அடி பெட் உள்ள நடுத்தர லேத் ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். அதை வாடகை குறைவு என்று குட்டியானையில் ஏற்றுகிறார்கள். அந்த வண்டி தாங்குவது முக்கால் டன் சொச்சம். எடை மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. லேத்தின் உருவமே வில்லங்கம். கால் குறுகல், கனமெல்லாம் மேலே. அதிலும் ஹெட்ஸ்டாக் இருக்கிற பக்கம் பாதிக்கு மேல் எடையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். வளைவில் வண்டி சாய்ந்தால் கயிறு இழுத்துக்கட்டியதெல்லாம் பிரயோஜனப்படாது.

சந்துக்குள் ஹைட்ரா கிரேன் நுழையாது என்பதால் கையால் இறக்குவார்கள். இரண்டு சாய்ந்த பலகை, நாலு பைப் உருளை, இரண்டு கடப்பாரை, தெருவில் கிடைத்த ஆறு பேர். ஒருத்தர் "இழு" என்பார், இன்னொருத்தர் "நிறுத்து" என்பார். பலகையின் பாதியில் லேத் லேசாக ஒரு பக்கம் தலையைச் சாய்க்கும். அந்தக் கணத்தில் மனுஷ சுபாவம் என்ன செய்யும் தெரியுமா? காசு போட்டு வாங்கியவர் தோளைக் கொடுத்துத் தாங்கப் போவார். ஒரு டன் வார்ப்பிரும்பை எந்தத் தோளும் தாங்காது. சாய்கிற மெஷினை விட்டு விலகி ஓடுங்கள். உடைந்தால் உடையட்டும். இறக்குவதற்கு முன்பே ஆறு பேரையும் நிற்கவைத்து இதைச் சொல்லிவிட வேண்டும்: குரல் கொடுப்பவர் ஒருவர் மட்டும், சாய்ந்தால் எல்லோரும் விலக வேண்டும், உருளை மாற்றும்போது யாருடைய கையும் அடியில் போகக் கூடாது. கடப்பாரையால் நெம்பித் தூக்கிய பிறகு அடியில் மரக்கட்டை வைக்காமல் உருளையைத் தள்ளுவதில்தான் விரல்கள் நசுங்குகின்றன.

தூக்கி இறக்குவதென்றால் பெட்டுக்கு அடியில் பெல்ட் கொடுத்துத் தூக்க வேண்டும். சக்கில் கொக்கி மாட்டித் தூக்கினால் ஸ்பிண்டிலும் பேரிங்கும் போச்சு. லீட் ஸ்க்ரூவின் மேல் பெல்ட் அழுந்தினால் அது வளையும். பிறகு மரை போடவே முடியாது. கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் வலது கோடிக்குத் தள்ளிப் பூட்டிவிட்டுத் தூக்குங்கள், சமநிலை கொஞ்சம் சரியாகும். நல்ல ரிக்கிங் ஆட்கள் கேட்கிற கூலி அதிகமாகத் தெரியும். கொடுத்துவிடுங்கள்.

மாடியில் போடலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியத் தரக் குறியீட்டின்படி வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. மொட்டைமாடிக்கு அதைவிடக் குறைவு. ஒரு டன் லேத் நிற்கிற இடம் சதுர மீட்டர் ஒன்றேகால் இருந்தால் அதிகம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதில் அதிர்வு வேறு. கீழே குழந்தை தூங்குகிற அறை என்றால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

தரையில் டைல்ஸ் இருந்தால் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போடுங்கள். எண்ணெய் பட்ட டைல்ஸில் கால் வழுக்கினால் கை போய்ப் பிடிப்பது சுழல்கிற சக்கைத்தான். ஃபவுண்டேஷன் போல்ட் போட்டு, லெவல் பார்த்து முறுக்குவதை "ஆணி மாதிரி நிக்குதே" என்று தள்ளிப்போடாதீர்கள். பெட் முறுக்கிக்கொண்டு நின்றால் கடைகிற ஜாப்பெல்லாம் டேப்பராக வரும், அது போகட்டும். கோணலான பெரிய ஜாப்பைச் சுற்றும்போது மெஷினே நடக்க ஆரம்பிக்கும்.

போன கரண்ட் திரும்பி வரும்போது

இனி சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். நம்மூரில் கரண்ட் போகும், வரும்.

லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போய்விட்டது. மெஷின் தானாக நின்றுவிட்டது. சும்மா நிற்பானேன் என்று, டீ வடிவச் சக் சாவியை எடுத்துச் சக்கில் செருகி ஜாப்பைக் கழற்றப் பார்க்கிறீர்கள். முகம் சக்குக்கு ஒரு சாண் தூரத்தில். இடது கை சக்கின் மேல். அந்த நேரத்தில் கரண்ட் வருகிறது.

முறையான ஸ்டார்ட்டர் என்றால் ஒன்றும் ஆகாது. அதற்குள் இருக்கிற காயில், கரண்ட் போனதும் பிடியை விட்டுவிடும். மறுபடி பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். நேரடியாக மெயின் ஸ்விட்சிலோ சாதாரண ரோட்டரி ஸ்விட்சிலோ மோட்டாரைக் கொடுத்திருந்தால், ஸ்விட்ச் போட்டபடியே கிடக்கிறது. கரண்ட் வந்த வினாடியே சக் சுற்றும். சாவி எங்கே பறக்கும், கை எங்கே போகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பழைய மெஷினோடு வருகிற ஸ்டார்ட்டரை நம்பவும் முடியாது. காயில் கருகிப்போய், பட்டன் நிற்கவில்லை என்று குச்சியைச் செருகி நிறுத்தியிருப்பார்கள். தோட்டத்து மோட்டாருக்குச் செய்கிற அதே கைங்கரியம். திறந்து பாருங்கள். ஓடவிட்டு மெயினை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். தானாக ஓடினால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது, முதலில் ஸ்டார்ட்டர்.

அந்த ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். பல ஷெட்டுகளில் அது ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் சுவரில் இருக்கும். ஆபத்து என்றால் சுழல்கிற சக்கைத் தாண்டிக் கையை நீட்டி அணைக்க வேண்டும்! ஒரு கையை மெஷின் பிடித்துக்கொண்டிருக்கும்போது எஞ்சிய கைக்கோ முழங்காலுக்கோ எட்டுகிற இடத்தில் குடை போல விரிந்த சிவப்பு ஸ்டாப் பட்டன் ஒன்று வேண்டும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

வீட்டில் ஒருமுனைதான் இருக்கிறது, மெஷினில் மும்முனை மோட்டார் என்கிறவர்கள், ஒருமுனையை மும்முனையாக்கித் தருகிற விஎஃப்டி வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல சாதனம்தான், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் உள்ளே 230 வோல்ட் போனால் வெளியே வருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கிற மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றாமல் கொடுத்தால் வலுவே இருக்காது. முக்கி முக்கிச் சூடேறிக் கருகும். அணைத்த பிறகும் அதன் உள்ளே இருக்கிற கப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும். மூடியில் எழுதியிருக்கிற நேரம் காத்திருந்துதான் கைவைக்க வேண்டும். வந்ததும் வராததுமாகத் திறந்து ஒயரைத் திருகுகிற பையன்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இன்னொன்று, பழைய பெல்ட் லேத் வைத்திருப்பவர்களுக்கு. அவற்றில் பலவற்றில் சக், ஸ்பிண்டிலின் மூக்கில் மரையால் ஏறியிருக்கும். முன்னோக்கி ஓடும்போது இறுகும்; தலைகீழாக ஓடினால் கழலும். புது இணைப்பில் இரண்டு ஃபேஸ் மாறியிருந்தால் முதல் ஓட்டமே தலைகீழ்தான். விஎஃப்டியில் பிரேக் நேரத்தை ஒரு வினாடி என்று வைத்து ஓடுகிற மெஷினைச் சட்டென்று நிறுத்தினாலும் இதே கதி: ஸ்பிண்டில் நின்றுவிடும், சக் தன் வேகத்தில் கழன்று வரும். 20 கிலோ இரும்பு உருண்டுகொண்டு பெட்டைத் தாண்டிக் காலில் விழும். முதல் முறை ஓட்டும்போது சக்கைக் கழற்றிவைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் திசையைப் பாருங்கள்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். கூலன்ட் வழிகிற இரும்பு மெஷின், ஈரத் தரை, வெறுங்கால். வீட்டுக் கட்டடத்தின் எர்த் கம்பி எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. மெஷினுக்குத் தனி எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி வையுங்கள். "அடிக்கடி ட்ரிப் ஆகுதுங்க" என்று அதைக் கழற்றச் சொல்கிற ஒயர்மேனை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள். ட்ரிப் ஆவதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தேடச் சொல்லுங்கள்.

வீட்டு இணைப்பிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் பணத்துக்கும் உஷார். ஜாப் ஆர்டர் எடுத்தால் அது தொழில். குடிசை, குறுந்தொழில்களுக்கென்று 3ஏ1 என்ற தனிக் கட்டண வகை, 12 கிலோவாட் வரை இருக்கிறது. ஒரு காரியத்துக்கு வாங்கிய மின்சாரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு பாயும். உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு. எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. மெஷின் வாங்கிய விலையில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

கயிறு, மாலை, கையுறை

8 அங்குலச் சக் 500 சுற்றில் ஓடுவது லேத்துக்காரர்களுக்குச் சர்வசாதாரணம். அதன் விளிம்பு வினாடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்து என்று கண்ணுக்குப் பட்டு, மூளைக்கு எட்டி, கை அசைவதற்குக் கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அந்தக் கால் வினாடிக்குள் உங்கள் சட்டைக் கையில் ஒரு மீட்டர் துணியை அது சுருட்டி முடித்திருக்கும். சட்டைக் கையே ஒரு மீட்டர் கிடையாது. மிச்சத்துக்கு என்ன சுருளும் என்று யோசியுங்கள்.

ஆகவே முழுக்கைச் சட்டை வேண்டாம். லுங்கியும் வேட்டியும் வேண்டாம். கழுத்தில் துண்டு வேண்டாம். இது எல்லோருக்கும் தெரியும் என்பீர்கள். மணிக்கட்டில் கட்டிய சாமி கயிறு? அது நைலான் நூலில் முறுக்கியது, லேசில் அறாது. கார்த்திகை மாதம் மாலை போட்டிருக்கிற சாமிமார்கள் குனிந்து ஜாப்பை அளக்கும்போது மாலை எங்கே தொங்குகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கழற்றக் கூடாது என்பது உங்கள் விரதம், அதை மதிக்கிறேன். பனியனுக்கு உள்ளே போட்டு, மேலே பொத்தான் போட்ட அரைக்கைச் சட்டையை இன் செய்துகொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் மண்டல காலம் முடியும்வரை ஃபிட்டிங் வேலை பாருங்கள், லேத் பக்கம் வேண்டாம். காதில் ஒயர் வைத்த ஹெட்போன், மோதிரம், வீட்டுப் பெண்கள் உதவிக்கு வரும்போது தொங்கும் பின்னலும் துப்பட்டாவும், எல்லாம் இதே கணக்குதான்.

கையுறை விஷயத்தில்தான் நல்லவர்களே ஏமாறுகிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்துக் காட்டன் கையுறை மாட்டிக்கொண்டு லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் நிற்கிறார்கள். சுழல்கிற எதன் முன்னாலும் கையுறை கூடவே கூடாது. வெறும் விரல் பட்டால் தோல் கிழியும், கையை இழுத்துக்கொள்ளலாம். கையுறையின் ஒரு நூல் மாட்டினால் கையே உள்ளே போகும். மோதிரமும் கையுறையும் விரலை வெட்டுவதில்லை, பிய்க்கின்றன. கூராக வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைப்பதைவிட, பிய்ந்து நரம்பும் ரத்தக்குழாயும் நைந்துபோன விரலை ஒட்டவைப்பது மிகவும் கடினம். மெஷினில் ஜாப்பை ஏற்றி இறக்கக் கையுறை போடுங்கள், ஸ்விட்ச் போடும் முன் கழற்றிவிடுங்கள்.

எமரி தாளை விரலில் சுற்றிக்கொண்டு ஷாஃப்டுக்குப் பாலிஷ் போடுகிற பழக்கமும் அப்படித்தான். நீளமான பட்டையாக எடுத்து இரண்டு முனையையும் இரண்டு கையால் லேசாகப் பிடியுங்கள்; மாட்டினால் விட்டுவிட முடிய வேண்டும். கைப்பிடி இல்லாத அரத்தை ஓடுகிற ஜாப்பில் வைத்தால், சக் தாடை தட்டிவிட்ட வேகத்தில் அதன் வால் உள்ளங்கையைத் துளைக்கும். நீலம் பாய்ந்து சுருள் சுருளாக வருகிறதே இரும்புச் சீவல், அதைக் கையால் இழுக்காதீர்கள்; பிளேடுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல, சூடு வேறு. ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி செய்துகொண்டால் போதும். அதையும் மெஷினை நிறுத்திவிட்டு.

வீட்டு ஷெட்டுகளுக்கென்றே ஒரு விசேஷ ஆபத்து உண்டு. இடம் பத்தாது. நீளமான கம்பியை ஸ்பிண்டில் துளை வழியாகப் பின்னால் நீட்டி, சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டு ஓட்டுவார்கள். மெல்லிய கம்பி வேகமாகச் சுழலும்போது, தாங்குதல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி சட்டென்று செங்குத்தாக மடங்கிச் சாட்டையாகச் சுழலும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? துணி காயப்போடுகிற சந்து. பிள்ளைகள் விளையாடுகிற இடம். கம்பியை வெட்டிச் சிறிதாக்கிவிட்டுக் கடையுங்கள். வீணாகிற இரண்டு அங்குல இரும்பின் விலை என்ன பெரிய விலை?

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். வேதியியல் கட்டடத்தில் இருந்த பட்டறையில், இரவு நேரத்தில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த 22 வயது மாணவியின் தலைமுடி மெஷினில் சிக்கியது. இயற்பியலும் வானியலும் படித்துக்கொண்டிருந்த பெண், பட்டம் வாங்கச் சில வாரங்களே இருந்தன. உயிர் போய்விட்டது. உலகத்தின் முதல் வரிசைப் பல்கலைக்கழகம் அது. அங்கேயே பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதுதான் வினையாயிற்று. நம் ஷெட்டுகளில் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் லேத்தில் நிற்கிறவர்கள்தான் அதிகம். தூக்கக் கலக்கம், காலையில் டெலிவரி. வீட்டில் ஒருத்தருக்காவது மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைக்க வேண்டும் என்று காட்டிவைத்திருக்கிறீர்களா? மனைவி, அப்பா, பெரிய மகள், யாராவது. அவர்கள் விழித்திருக்கும் வரைதான் மெஷின் ஓட வேண்டும்.

கிரைண்டரைச் சின்ன சாமான் என்று நினைக்காதீர்கள். 4 அங்குல ஹேண்ட் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிறது. சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கார்டைக் கழற்றிவிட்டு அதில் 7 அங்குலச் சக்கரத்தை மாட்டுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெரிய சக்கரத்தின் மேலேயே 8,500 சுற்றுக்கு மேல் கூடாது என்று அச்சடித்திருக்கும். மரம் அறுக்கிற பல்சக்கரத்தை அதில் மாட்டுவது இன்னும் மோசம். பல் சிக்கியதும் மெஷின் கையை உதறிக்கொண்டு தொடைக்கோ கழுத்துக்கோ பாயும். டேபிள் கிரைண்டருக்குப் புதுக் கல் வாங்கினால், மாட்டுமுன் மரக்கட்டையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். மாட்டியபின் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓடவிடுங்கள்.

பழைய பவர் பிரஸ் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் வாங்கவே வேண்டாம் என்பேன். கிளட்ச் சாவி தேய்ந்த பிரஸ், பெடலை ஒரு முறை அமுக்கினால் இரண்டு முறை அடிக்கும். இரண்டாவது அடி விழும்போது கை டையின் உள்ளே இருக்கும். பழைய கம்ப்ரஸரின் டேங்கும் அந்த ரகம்தான். உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து, தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று வெளியே பெயின்ட் அடித்தால் தெரியுமா?

கண்ணும் பிள்ளைகளும்

"கண்ணுல பொரி விழுந்துடுச்சு அண்ணா." கைக்குட்டை முனையை நாக்கில் நனைத்து எடுத்துவிடுகிற அண்ணன் எல்லாப் பட்டறையிலும் ஒருவர் இருப்பார். தயவுசெய்து அவர் பக்கம் போகாதீர்கள். கருவிழியில் குத்திய இரும்புத் துகள் சீக்கிரமே துருப்பிடித்து வளையமாகப் படிந்துவிடும். கீறி எடுக்கப்போனால் கிருமி போய்ப் பார்வையே மங்கும். கண் மருத்துவர் மைக்ராஸ்கோப் வைத்து எடுக்கிற வேலை அது. சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறிக்கிற துகள் இன்னும் கள்ளத்தனமானது. வலி பெரிதாக இருக்காது, ஆனால் கண்ணுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்கப் போனால், இரும்புப் பட்டறை வேலை செய்கிறவன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காந்தம் அந்தத் துகளைக் கண்ணுக்குள்ளேயே நகர்த்திவிடும். பக்கவாட்டும் மூடிய கண்ணாடி நூறு இருநூறு ரூபாய்தான்.

பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஷெட்டுக்குக் கதவும் பூட்டும் வேண்டும். மெயினில் பூட்டுப் போடுகிற வசதியுள்ள ஐசொலேட்டர் வையுங்கள், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். நாலு வயசுக் குழந்தைக்குப் பச்சைப் பட்டன் ஒரு பொம்மை. ஷெட்டில் போட்ட செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது. அடியில் குத்தியிருக்கிற சீவல் கூடத்துப் பாயில் உதிரும், தவழ்கிற குழந்தையின் முழங்காலில் ஏறும். வேலை உடுப்பையும் வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்கச் சொல்லாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால்? விரல் துண்டாகிவிட்டால் முதலில் மெயினை அணைத்து, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலைத் தேடி எடுங்கள். பதற்றத்தில் பலர் அதை ஐஸ் கட்டிக்குள் நேராகப் போட்டுவிடுகிறார்கள். திசு உறைந்து செத்துவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வைத்துக் கொண்டுபோங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு மறுநாள் பார்ப்போம் என்று இருக்காமல், கை அறுவைசிகிச்சை செய்கிற பெரிய மருத்துவமனைக்கே நேரே போங்கள். அது எது, எந்த வழி, ராத்திரியிலும் அந்த டாக்டர்கள் இருக்கிறார்களா என்பதை மெஷின் வரும் முன்பே விசாரித்து, 108-ஓடு சேர்த்து எண்ணை ஷெட் சுவரில் எழுதிவையுங்கள்.

பணத்துக்கும் வழி பண்ணிவையுங்கள். இஎஸ்ஐ உங்களுக்குக் கிடையாது. வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருப்பீர்கள், நல்லது. உயிர் போனால் 2 லட்சம், ஒரு கையோ ஒரு கண்ணோ முழுதாகப் போனால் 1 லட்சம். விரல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள், அதில் விரல் இழப்புக்கும் வேலைக்குப் போகமுடியாத வாரங்களுக்கும் எவ்வளவு தருவார்கள் என்று பாருங்கள். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் பிரீமியம் குறையுமே என்று ஏஜென்ட் 'அலுவலக வேலை' என்று எழுதப் பார்ப்பார். லேத் மெஷினில் வேலை என்றே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிளெய்ம் போடுகிற அன்றைக்கு அந்த ஒரு வரியைக் காட்டியே கையை விரித்துவிடுவார்கள்.